தம் கதையைத் தாமே சொல்லும் குரல்கள்

இஸ்லாமிய வரலாற்றில் முதன்முதலாகப் பாங்கொலி எழுப்பும் பேறு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவரான பிலால் (ரலி) அவர்களுக்கு வாய்த்ததை நாம் அறிவோம். மக்காவின் சுடுமணலில் அடக்க முயன்ற அதே குரல்தான் மதீனாவில் மக்களைத் தொழுகைக்கு அழைத்தது. மனிதனை அடிமையாக்குவோர் அவனுடைய உழைப்போடு குரலையும் பறிக்கின்றனர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு, அவ்வாறு பறிபோன குரலை மீட்ட வரலாறாகும். வலையொலி எனப்படும் பாட்காஸ்ட் அதன் அண்மைக்கால அத்தியாயம்.

அந்த வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் ஒரு முஸ்லிமின் கையெழுத்தும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் மார்க்கக் கல்வி கற்றவரான உமர் இப்னு சயீத், 1807ஆம் ஆண்டளவில் சிறைப்பிடிக்கப்பட்டு, அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். 1831இல் அவர் தம் வாழ்க்கையை அரபு மொழியில் எழுதினார். சூரத்துல் முல்க்கைக் கொண்டு அதைத் தொடங்கினார். ஆட்சி முழுவதும் அல்லாஹ்வுக்கே உரியது என்று உரைக்கும் அத்தியாயத்தை, இன்னொரு மனிதனின் உடைமையாகக் கருதப்பட்டவர் முதலில் வைத்தார் என்பதை நாம் சிந்திக்க வேண்டும். அந்தக் கையெழுத்துப்படி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

1827இல் நியூயார்க்கில் கறுப்பினத்தவரின் முதல் செய்தித்தாளான 'ஃபிரீடம்ஸ் ஜர்னல்' வெளிவந்தது. பிறர் தமக்காகப் பேசியது போதும், இனித் தாமே பேச வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒரு நூற்றாண்டுக்குப் பின் வானொலி வந்தபோது பழைய அநீதி புதிய வடிவில் திரும்பியது. 1928இல் தொடங்கிய 'அமோஸ் அண்ட் ஆண்டி' நிகழ்ச்சியில், வெள்ளையர் இருவர் கறுப்பினத்தவரைப் போலப் பேசி நாட்டையே சிரிக்க வைத்தனர். கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான முதல் வானொலி நிலையம் அமைய 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அட்லாண்டா நகரில் ஜெஸ்ஸி பிளேட்டன் அதை விலைக்கு வாங்கினார்.

1975இல் வாரித் தீன் முஹம்மது தம் தந்தையின் இயக்கத்தைப் பொதுவான இஸ்லாமிய நெறிக்குத் திருப்பியபோது, அதன் செய்தித்தாளுக்கு 'பிலாலியன் நியூஸ்' என்று பெயர் சூட்டப்பட்டது. மதீனாவின் முஅத்தினாரில் அம்மக்கள் தங்களைக் கண்டுகொண்டனர்.

பாட்காஸ்டுக்கு அலைவரிசை உரிமமும் வேண்டாம், ஒலிபரப்புக் கோபுரமும் வேண்டாம். ஒலிவாங்கியும் கணினியும் இணைய இணைப்பும் போதும். 2013இல் 'தி ரீட்', 2015இல் 'அனதர் ரவுண்ட்' எனப் பல நிகழ்ச்சிகள் தோன்றின. அவற்றில் பேசுவோர் தம் மக்களின் வழக்குச்சொற்களை மாற்றிக்கொள்வதில்லை. வீட்டுக் கூடத்தில் உறவினரோடு பேசுவது போலவே பேசுகின்றனர். நகைச்சுவையும் துயரமும் மனநலமும் காவல்துறைக் கொடுமையும் ஒரே பேச்சில் கலந்து வருகின்றன. வெள்ளையருக்கு விளக்கம் சொல்லும் கடமையிலிருந்து விடுபட்ட பேச்சு அது. 'ஐடென்டிட்டி பாலிட்டிக்ஸ்' நிகழ்ச்சியில் இக்லாஸ் சலீம், மக்கா அலி என்னும் இரு கறுப்பின முஸ்லிம் பெண்கள் இனம், பெண்மை, மார்க்க வாழ்வு ஆகியவற்றை உரையாடினர். அமெரிக்காவில் கறுப்பினத்தவராகவும், முஸ்லிம் சமூகத்துக்குள்ளேயே சிறுபான்மையாகவும் வாழும் அனுபவத்தை அவர்களே சொல்வதும், அவர்களைப் பற்றிப் பிறர் சொல்வதும் ஒன்றாகா.

எனினும் போராட்டம் முடிந்துவிடவில்லை. 'தி நாட்' என்னும் நிகழ்ச்சியைத் தயாரித்த நிறுவனத்தை 2019இல் ஸ்பாட்டிஃபை வாங்கியது. தாங்கள் உருவாக்கிய நிகழ்ச்சியின் உரிமை தங்களிடம் இல்லை என்பதை அதை நடத்தியவர்களே மறு ஆண்டில் பொதுவெளியில் பேசினர். குரல் ஒருவருடையது, அதன் உடைமையுரிமை வேறொருவருடையது என்னும் பழைய நிலையை இது நினைவூட்டவில்லையா?

குரல் அல்லாஹ் அளித்த அமானிதம். ஒரு சமூகத்தைப் பற்றி அறிய விரும்பினால் அதன் வாய்மொழியையே முதலில் கேட்பது நீதி. கறுப்பினச் சகோதரர்களைப் பற்றித் திரைப்படங்களும் செய்திகளும் தீட்டிய சித்திரத்தோடு நம் பிள்ளைகள் நின்றுவிடலாகாது. உமர் இப்னு சயீதின் வரலாற்றை அவர்களுக்குச் சொல்வோம். அவர் வழிவந்தோரின் குரல்களையும் கேட்கச் செய்வோம்.