குயவனாரும் திருநாளைப்போவாரும்: பள்ளிச் சமய பாட வரலாற்றில் ஒரு வினா

நடுநாட்டுத் திருப்பதிகளுள் மணிமுத்தாற்றின் கரைக்கண் விளங்குவது திருமுதுகுன்றம். பழமலை எனவும் விருத்தாசலம் எனவும் வழங்கும் இத்தலம் மூவர் தமிழும் பெற்றது. பத்தாம் நூற்றாண்டிலே செம்பியன்மாதேவியாராற் கற்றளியாக்கப் பெற்றது. சிவாகமம் இருபத்தெட்டன் பெயரால் இருபத்தெட்டு இலிங்கங்கள் நிறுவப்பெற்ற சந்நிதி உடைமையாற் சித்தாந்த நூற்பயிற்சியுடையார்க்குத் தனியுரிமை பூண்டது. இக்காலத்தார் இவ்வூரைப் பிறிதொரு காரணம் பற்றியும் அறிவர். அகல்விளக்கும் பொம்மையும் பிறவும் ஆக்கும் பீங்கான் தொழிற்சாலைகள் இங்கே பலவுள. மண்ணை அச்சிலிட்டும் சூளையிற் சுட்டும் வாழ்வார் தம் பிள்ளைகள் சமய பாடம் கற்கப் புகுவராயின், அப்பாடத்தின் தொடக்கத்திலேயே மட்கலம் வனைந்த அடியார் ஒருவரைக் காண்பர். தில்லைவாழந்தணரை அடுத்துத் திருத்தொண்டத் தொகையில் வைத்து ஓதப்பெறுபவர் திருநீலகண்டக் குயவனார் அன்றோ!

அவர் வரலாறு சிறுவர்க்குச் சொல்லுதற்கு எளிதன்று. திருவோடு வனைந்து அடியார்க்கு அளித்து வந்தவர் பரத்தை ஒருத்தியின் மனைக்குச் சென்று மீண்டார். அதனை அறிந்த மனைவியார் இல்லறத்துக்குரிய பிற பணிகளில் ஒன்றுங் குறையாது செய்துகொண்டே, திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாது என்றார். அவ்வாணையில் அவர் வைத்த சொல் 'எம்மை' எனப் பன்மையாயிருத்தலின், மற்றைய மாதரையும் மனத்தினுந் தீண்டேன் என நாயனார் உறுதி கொண்டார் என்பது சேக்கிழார் காட்டும் நுட்பம். இருவரும் ஓரில்லிலே அயலறியா வண்ணம் முதுமை எய்துங்காறும் வாழ்ந்தனர். சிவயோகியார் தந்த ஓடு மறைந்ததும், வழக்குத் தில்லை அந்தணர் அவையேறியதும், மனைவி கையைப் பற்றி மூழ்குக என யோகியார் வற்புறுத்தியதும், மூங்கிற் றண்டின் இருதலையையும் இருவரும் பற்றித் திருப்புலீச்சரத்துக் குளத்திற் புக்கதும், மறைத்த செய்தியை ஊரறியக் கூறி மூழ்கி இளமை பெற்று எழுந்ததும் யாவரும் அறிந்தன.

சிறுவர் நூல் எழுதுவார் சிலர் பரத்தைமனை என்னும் பகுதியை ஒழித்துக் 'குடும்பத்தில் ஒரு மனவேறுபாடு' என்று மழுப்பிச் செல்வதுண்டு. அஃது ஒழியின், மனைவியார் ஆணைக்குக் காரணம் இல்லையாம். ஆணையில்லையேல் வரலாறே இல்லையாம். ஒழுக்கந் தவறிய கணவனை விலக்க மனையாட்கு உரிமையுண்டு என்பதும், அவ்வுரிமையை இறைவன் திருப்பெயரே காத்தது என்பதும், வழுவியவன் ஊர்முன் உண்மையுரைத்தே உய்ந்தான் என்பதும் பதினான்கு வயதுடைய மாணாக்கன் அறியத்தகாதன அல்ல.

ஒழுக்க நூல் கற்பித்தல் திருமுதுகுன்றத்துக்குப் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டினராகிய துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் இத்தலத்து இறைவன்மீது பழமலையந்தாதி பாடியவர். நாற்பது வெண்பாவாலாகிய அவரது நன்னெறி, திண்ணைப்பள்ளி முதல் உயர்நிலைப்பள்ளி வரை தமிழ்ச் சிறார் பலராற் கற்கப்பெற்றது. கொலைமறுத்தல் இயற்றிய பேரூர்ச் சாந்தலிங்க சுவாமிகளின் மாணாக்கராகிய குமாரதேவர் அரசு துறந்து வந்து மடம் அமைத்துச் சமாதி கொண்டதும் இவ்வூரிலேயே. ஆயினும் அவை மடத்துக் கல்வியும் திண்ணைக் கல்வியுமாம். வகுப்புவாரியாகப் புத்தகமும் காலவட்டவணையும் கொண்ட சைவப் பள்ளிப் பாடம் தோன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே.

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822ஆம் ஆண்டிற் றோன்றிய ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரிடத்து விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். பாதிரிமார் பள்ளிகள் பிள்ளைகளை வயப்படுத்தும் முறையை அகத்தேயிருந்து கண்டவர். 1848இல் வண்ணார்பண்ணையிலும் 1864இற் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். வினாவிடை முறை பாதிரிமாரிடத்து வழங்கியதே. அதனைச் சைவத்துக்கு ஆக்கிக்கொள்ள அவர் நாணவில்லை. அவர்தம் நான்காம் பாலபாடத்தைப் புரட்டுவார்க்கு ஒரு செய்தி தெற்றெனப் புலனாம். கடவுள், ஆன்மா, கடவுள் வழிபாடு என்பவற்றோடு கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல், களவு, வியபிசாரம், பொய், அழுக்காறு, சூது என்னும் ஒழுக்கப் பொருள்களும் தனித்தனிப் பாடமாக அதன்கண் நிரைபடக் கிடக்கின்றன. 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனம் அவற்றுக்கு எடுத்துக்காட்டுக் களஞ்சியமாயிற்று. மேனாட்டுப் பள்ளிகளில் இந்நாளிற் சமய பாடத்தின்கண் ஒழுக்கமும் சமுதாயமும் பற்றிய வினாக்களை ஆராய்தல் புதுமுறையென்பர். அதன் வித்து நாவலர் நூலிலே உண்டு.

அவ்வட்டவணையிற் காணப்படாத பொருள் ஒன்றுளது. அது தீண்டாமை. நாவலர் சாதியாசாரத்தைக் கைவிட்டவரல்லர். அவர் காலத்தோடு வைத்து அதனைக் காண்டல் வேண்டும் என்பது ஒக்கும். ஆயின், ஒழுக்கப் பாடத்தில் விடப்பட்ட அப்பொருள் பெரியபுராணத்தின் வாயிலாக வகுப்பறையுட் புகாமல் நின்றதில்லை. திருநாளைப்போவார் வரலாற்றைப் படிக்கும் மாணாக்கன் கேளாதிருப்பனோ?

இங்கே நூலாராய்ச்சி சிறிது வேண்டற்பாலது. பள்ளிகளிலும் மேடைகளிலும் வழங்கும் நந்தனார் கதையுட் பெரும்பகுதி சேக்கிழார் கூறியதன்று. விடைகொடாது வருத்திய வேதியரும், ஓரிரவில் விளைந்த நாற்பது வேலி நிலமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையிற் படைத்தன. சேக்கிழார் காட்டும் நந்தனார் பண்ணையாளர் அல்லர்; ஆதனூரிலே தம் தொழிற்குரிய மானிய நிலம் உடையவர்; கோயிற் பேரிகைகட்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்த திருத்தொண்டர். அவரைத் தடுத்தவர் எசமானர் ஒருவர் அல்லர். ஊரொழுங்கே அவரைத் தடுத்தது. இவ்வேற்றுமை சிறிதன்று. கொடியவன் ஒருவனைக் கதையில் நிறுத்தின், கேட்போர் குற்றமெல்லாம் அவன் தலையிலேற்றித் தாம் நீங்கிக்கொள்வர். சேக்கிழார் அவ்வழியை அடைத்துவிட்டார்.

இனி, குயவனாரும் திருநாளைப்போவாரும் ஒரே தில்லையில் உருமாறினர். முன்னவர் வழுவுடையர், அவர்க்கு வாய்த்தது குளத்து நீர். பின்னவர் வழுவொன்றும் இலர். அவர்க்கு வாய்த்தது தென்றிசை மதிற்புறத்துத் திருவாயிலின் முன் அமைத்த தீ. இது நீதியோ என்பது வினா. 'தீப்புகுதல் இறைவன் கனவிலருளிய ஆணை. அது தண்டமன்று' என்பது உரைகாரர் வழி. ஆணவம் முதலிய மலம் உயிரைப் பற்றியதேயன்றிப் பிறந்த குடியைப் பற்றியதன்று என்பது சித்தாந்தத் துணிபாகலின், அத்தீ நந்தனார் மலத்தைச் சுட்டது என்பதினும், காண்பார் கண்ணை மறைத்த எண்ணத்தைச் சுட்டது என்பதே பொருந்துவதாம். அதற்குச் சான்று சந்தானத்தின் உள்ளேயே உண்டு. 1313இற் சங்கற்ப நிராகரணம் அருளிய உமாபதிசிவம், மறைஞானசம்பந்தரைக் குருவாகக் கொண்டமையாற் றில்லை அந்தணரால் விலக்கப்பெற்றவர் என்பது மரபு. அவரே, விறகு கொணர்ந்த பெற்றான் சாம்பானுக்கு இறைவன் விடுத்த திருமுகங் கண்டு தீக்கை செய்து முத்தி கொடுத்தார் எனவும் அம்மரபு கூறும். அங்கே தீயில்லை, குளமும் இல்லை. நந்தனார் பாடத்தை நடத்தும் ஆசிரியர் அதனை அடுத்துப் பெற்றான் சாம்பான் செய்தியைச் சொல்லாது விடுதல் பாதிப் பாடமேயாம்.

இவ்வினாவை ஏட்டிலன்றி வாழ்விற் கேட்டவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிப் பக்கத்து மேல்புதுப்பாக்கத்திலே 1890இல் ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்து, கிறித்தவப் பள்ளியிற் பயின்றும் மதமாற்றத்துக்கு உடன்படாது வெளியேறி, வியாசர்பாடிக் கரபாத்திர சுவாமிகளிடத்து நூல் கற்று, சிதம்பரம் அடைந்தார். 1916இல் அங்கே நந்தனார் பெயராற் கல்விக்கழகம் கண்டு பள்ளி தொடங்கினார். சிதம்பரமும் விருத்தாசலமும் அந்நாளில் ஒரே தென்னார்க்காட்டு மாவட்டத்தன. அப்பள்ளி மாணாக்கர் நந்தனார் சரிதம் படித்தனர். நந்தனார் புக்க கோயிலுள் அவர் புகுதல் இயலாதிருந்தது. சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது 1947ஆம் ஆண்டிலே. முப்பத்தோராண்டு அப்பாடமும் அவ்வாயிலும் ஒன்றையொன்று நோக்கி நின்றன! சகஜானந்தர் சட்டமன்றத்திலும் அமர்ந்து உழைத்து 1959இல் மறைந்தார்.

யாழ்ப்பாணத்து நிலையும் வேறன்று. அரசின் உதவிநன்கொடை பெறும் பள்ளிகளில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகள் தரையிலும் புறத்தும் இருத்தப்பட்டனர். எல்லார்க்கும் சமாசனம் என்னும் விதி 1930ஐ அடுத்த காலத்தே வற்புறுத்தப்பட்டபோது, சைவ அபிமானிகளிற் சிலரே எதிர்த்தெழுந்தனர். பள்ளிக் கொட்டகைகள் சில எரியூட்டப்பட்டன. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசார் சமாசனத்தின் பக்கம் நின்றனர். அத்தீக்கு எவ்வுரைகாரரும் சமாதானம் கூறவல்லர் அல்லர்.

விடுதலைக்குப்பின் இருநாடும் இருவழிப்பட்டன. இந்திய அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 28ஆம் உறுப்பு, முற்றும் அரசுப் பொருளால் நடைபெறும் பள்ளிகளிற் சமயபோதனையை விலக்கியது. உதவி பெறும் பள்ளிகளிலும் ஒருவரை உடன்பாடின்றி அதற்கு உட்படுத்தல் ஆகாது. சமயங்களைப் பற்றிய கல்வி வேறு, சமயபோதனை வேறு என 2002இல் உச்சநீதிமன்றம், அருணா ராய் வழக்கிற் பிரித்துரைத்தது. ஆதலின் விருத்தாசலத்து அரசுப் பள்ளியில் நாயன்மார் வருவாராயின் தமிழிலக்கியப் பாடத்தின் வாயிலாகவே வருவர். சித்தாந்தம் கற்பிக்கும் பொறுப்பு மடங்கட்கும் மன்றங்கட்கும் திருமுறை வகுப்புகட்கும் உரியதாயிற்று. இலங்கையிலோ சைவநெறி, இடைநிலை வகுப்புகளில் முறையான பாடமாகவும் சாதாரணதரத் தேர்வுக்குரியதாகவும் பல பதிற்றாண்டுகளாக நடந்து வருகின்றது.

தேர்வுப் பாடமாதலில் நலமும் உண்டு, கேடும் உண்டு. நாயனார் பிறந்த ஊர், குலம், தொண்டு, முத்தித்தலம் என நான்கு விடையை மனனஞ் செய்த மாணாக்கன் முழு மதிப்பெண் பெற்றுவிடுவான். குளத்துக்கும் தீக்குமுள்ள வேற்றுமை அவன் கருத்தில் எழ வேண்டுவதில்லை. விருத்தாசலத்துத் திருமுறை வகுப்பிற்குத் தேர்வுமில்லை, அட்டவணையுமில்லை. அங்கே சூளையில் வேலை செய்வார் மகன் ஒருவன் எழுந்து அவ்வினாவைக் கேட்பானாயின், ஆசிரியர் பெரியபுராணத்தின் அவ்விரு பகுதிகளையும் அருகருகே விரித்துவைத்துப் படிப்பிக்கலாம். உமாபதிசிவத்தின் வரலாற்றையும் உடன் எடுத்துக்கொள்ளலாம். மணிக்கணக்கு அவரைத் தடுப்பதில்லை.