இயற்கணித வடிவியல் பாடநூல்கள்

சமன்பாடுகளின் தீர்வுகளை வடிவங்களாகப் பார்த்து ஆராயும் துறை இயற்கணித வடிவியல். இதை எந்த நூலில் தொடங்குவது என்ற கேள்வி ஓயாமல் இருப்பதற்குக் காரணம், இருபதாம் நூற்றாண்டில் இத்துறை தன் மொழியையே மாற்றிக்கொண்டதுதான். காஸ்டெல்நுவோவோ, என்ரிக்வெஸ் முதலிய இத்தாலியர் வடிவ உணர்வை நம்பி எழுதினார்கள். நிறுவல்களில் ஓட்டைகள் தங்கின. அவர்கள் சாதித்ததைத் தொகுக்கப் புகுந்த சரிஸ்கியின் நூல் (1935) அந்த ஓட்டைகளையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வெய் 1946இல் புது அடித்தளம் இட்டார். பிறகு குரோத்தெண்டீக், தியூதொன்னேயின் துணையுடன், 1960 முதல் 1967 வரை வெளியிட்ட பெருநூல் ‘ஸ்கீம்’ என்ற கருத்தின்மேல் எல்லாவற்றையும் மறுபடி கட்டியது. திட்டமிட்ட 13 அத்தியாயங்களில் வந்தவை நான்கே.

அப்படியானால் நேரே ஸ்கீமில் தொடங்கலாமே, அதற்கு முந்தைய பழைய மொழி எதற்கு என்பார் உண்டு. தர்க்க வரிசைக்கு அது சரி. கற்கும் வரிசைக்கு ஒத்துவராது. ஒரு பரவளையத்தை ஒரு கோடு இரண்டு புள்ளிகளில் வெட்டுகிறது. கோட்டை மெல்ல நகர்த்தித் தொடுகோடாக்கினால் இரண்டும் ஒன்றிவிடும். பழைய மொழியில் மிஞ்சுவது வெறும் ஒரு புள்ளி; அது இருமடிப் புள்ளி என்ற செய்தியைத் தனியே எண்ணி வைக்க வேண்டும். ஸ்கீமோ அதைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். இந்த இழப்பைக் கண்ணால் பார்க்காதவருக்கு ஸ்கீம் என்பது கேட்காத கேள்விக்குக் கிடைத்த விடை. ஸ்கீமைக் கற்பிக்கவே எழுதிய ஹார்ட்ஷோர்ன்கூட (1977) முதல் அத்தியாயத்தைப் பழைய மொழிக்கு ஒதுக்கினார். அதை அவசரமாகத் தாண்டுகிறவர் இரண்டாம் அத்தியாயத்தில் திணறுவதில் வியப்பில்லை. ஆகவே ஃபுல்டனின் ‘இயற்கணித வளைவரைகள்’ (1969) அல்லது ரீடின் இளநிலை நூல் (1988) முதலில். அடுத்து, சிவப்பு அட்டையால் பெயர் பெற்ற மம்ஃபோர்டின் ஹார்வர்டு குறிப்புகள். ஸ்கீமைப் படம் வரைந்து காட்டத் துணிந்த நூல் அது.

இத்துறைக்கு அடித்தளமான பரிமாற்று இயற்கணிதத்தை முழுதும் முடித்த பிறகே இப்பக்கம் வரவேண்டும் என்பது இன்னொரு வாதம். அதற்கான அதியா–மெக்டொனால்டு நூல் (1969) 130 பக்கத்துக்குள் அடங்கும் என்றாலும், அதன் கனமெல்லாம் பயிற்சிக் கணக்குகளில் இருக்கிறது. வடிவியல் தெரியாமல் அவற்றைப் போட்டால் எதற்கென்றே விளங்காது. பக்கத்தில் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது புரட்டுவதே மேல். பழைய மொழி முதலில், ஸ்கீம் பிறகு என்ற வரிசைக்கு ஓர் உயர்நிலை நூலும் சான்று. மம்ஃபோர்டு 1967–68இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆற்றிய விரிவுரைகள், சென்னையில் பிறந்த சி. பி. ராமானுஜத்தின் உதவியோடு, 1970இல் ‘அபேலிய வகைகள்’ என்ற நூலாயின. அது ஒரே பொருளை முதலில் சிக்கலெண் பகுப்பாய்விலும், பிறகு பழைய இயற்கணித மொழியிலும், அதன்பின்பே ஸ்கீம் மொழியிலும் சொல்கிறது.