குளத்தில் யார் இறங்கலாம்?

1

மதுரையில் கோச்சடையிலுள்ள ஹெரிடேஜ் மதுரை விடுதியில் இரண்டு இரவுகள் தங்க நேர்ந்தது. என் காசில் அல்ல. கருத்தரங்கு ஒன்றுக்கு அழைத்தவர்கள் செய்த ஏற்பாடு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நட்சத்திர விடுதியின் மெத்தையில் படுத்து எழுந்து வந்துவிட்டு அதைப் பற்றி விமர்சனமும் எழுதுகிறானே என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். அந்தக் கூச்சத்திலிருந்துதான் இந்தக் கட்டுரையும் தொடங்குகிறது.

பழைய ஆலமரங்கள், கல் சுவர்கள், கல் தூண்கள், ஓட்டுக்கூரை. நடுவே நீச்சல் குளம். கோயில் தெப்பக்குளத்தின் சாயலில் அமைக்கப்பட்டது அது. முதல் நாள் இரவு அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். அவருக்கு ஓட்டல் அறையின் வாடகை பற்றியோ சாப்பாடு பற்றியோ கேட்கத் தோன்றவில்லை.

"கோயில் கொளம் மாதிரியேவா? அதுல யாரு வேணா எறங்கலாமாடா? ஒண்ணும் சொல்ல மாட்டாய்ங்களா?"

அம்மா பிறந்தது வைகைக்குத் தெற்கே மானாவாரிச் சமவெளியில் ஒரு சிற்றூர். ஊருணி இருந்தது. நம்மாட்கள் அதன் கரையில் பானையை வைத்துவிட்டு நிற்க வேண்டும். யாராவது மனமிரங்கி மொண்டு ஊற்றுவார்கள். 'குளம்' என்ற சொல் அவருக்குள் எழுப்புவது தாமரையை அல்ல, காத்திருப்பை. விடுதி எனக்குத் தந்த 'உள்ளூர்ப் பண்பாடு' முழுவதையும் அந்த ஒரு கேள்வி புரட்டிப் போட்டுவிட்டது. 

2

முதலில் அந்த இடத்தின் வரலாற்றைப் பார்ப்போம்.

இந்தக் கட்டடம் விடுதியாகக் கட்டப்பட்டது அல்ல. 1970களின் தொடக்கத்தில் மதுரா மில்ஸ் அதிகாரிகளுக்கான மதுரை கிளப்பாக அது உருவானது. வடிவமைத்தவர் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003). மதுரா மில்ஸ் என்று சொன்னால் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. 'ஹார்வி மில்' என்றால்தான் தெரியும். ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்னும் சகோதரர்கள் பாபநாசத்தில் அருவி நீரின் விசையைக் கொண்டும், பின்பு தூத்துக்குடியிலும், 1890களில் மதுரை ரயில் நிலையத்தை அடுத்தும் நிறுவிய நூற்பாலைகளின் தொடர்ச்சி அது. 1974இல் ஜே. அண்ட் பி. கோட்ஸுடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று.

மதுரையின் இன்னொரு புகழ்பெற்ற நட்சத்திர விடுதி பசுமலை மேல் இருக்கிறது. தாஜ் குழுமம் நடத்துவது. அதன் பழைய பங்களாவும் ஹார்வி ஆலைத் துரைமார்களுடையதுதான். ஆக, நாயக்கர் தூண்களையும் மல்லிகையையும் காட்டி 'மதுரையின் பாரம்பரியத்தில் தங்குங்கள்' என்று அழைக்கிற இந்த இரண்டு விடுதிகளும் நிற்பது ஒரே பஞ்சாலையின் நிலத்தில். பாரம்பரியம் என்று ஒன்று அங்கே உண்டென்றால், அசலான முதல் பாரம்பரியம் நூல்தான்.

அந்த நூலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1908 பிப்ரவரி – மார்ச்சில் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. அதுவும் ஹார்விகளின் ஆலைதான். பத்து ஆண்டுகள் கழித்து, 1918இல், மதுரையில் ஆலைத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்க உழைத்தவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, பிறகு நிர்வாகமும் அரசும் சேர்ந்து சங்கத்தை முடக்கின. இதே ஜோசப்தான் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பிரமலைக் கள்ளர்களுக்காக வாதாடியவர். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் உள்ளிட்ட 16 பேர் மாண்டதாகச் சொல்லப்படும் மண் அது. அந்தச் சனங்கள் ஜோசப்புக்கு வைத்த பெயர் 'ரோசாப்பூ துரை'. அவரது உடுப்பில் எப்போதும் ஒரு ரோஜா இருக்குமாம்.

துரை என்ற ஒரே சொல்லுக்குள் மதுரையில் இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. ஒரு துரையின் பங்களா இன்று விடுதி. இன்னொரு துரை இருப்பது உசிலம்பட்டிப் பக்கத்துக் கிழவர்களின் வாயில்.

என் அப்பா ஒரு பஞ்சாலையில் சைடர். இருபத்தாறு வருஷம் ரிங் பிரேம் ஓட்டியவர். சங்கு ஊதினால் எங்கள் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது காது கேட்காது. தலையிலும் புருவத்திலும் பஞ்சு. 'தூங்கா நகரம்' என்று மதுரையை எல்லோரும் கொண்டாடுகிறோம். சங்க காலத்து அல்லங்காடியில் தொடங்கி அதற்கு ஓர் இலக்கியப் பரம்பரையும் காட்டுகிறோம். சரி. ஆனால் நான் பார்த்த தூங்கா நகரம் என்பது, பகல் ஷிப்டும் ராத்திரி ஷிப்டும் மாறுகிற நேரத்துக்குக் கணக்காக இட்லிச் சட்டி ஏற்றி வைத்த பெண்களின் ஊர். அந்த ஊரை எந்த விடுதியின் அலங்காரத்திலும் பார்க்க முடியவில்லை. தறிக்கட்டையைக் கூடக் 'கைவினை' என்று சுவரில் மாட்டிவிடலாம். ரிங் பிரேமை மாட்ட முடியாது. அது சத்தம் போடும்.

3

'மரபைக் கண்டுபிடித்தல்' பற்றி ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூலுக்குப் பிறகு, இம்மாதிரி இடங்களைக் கட்டுடைப்பது நமக்கு எளிதாகிவிட்டது. டீன் மெக்கனல் 1970களிலேயே சொன்னார்: சுற்றுலாப் பயணிக்காக 'அசல்' என்பது மேடையேற்றப்படுகிறது என்று. இவற்றைப் படித்த நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒன்று, 'இதெல்லாம் போலி'. மற்றொன்று, 'நம் பண்பாட்டை விற்கிறார்கள்'. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

அது போலி அல்ல. கல் கல்தான். பாவாவின் கைத்திறன் அசாதாரணமானது. வெளியே உச்சி வெயில் கொளுத்தும்போது அந்தத் தாழ்வாரத்தில் காற்று எப்படி வருகிறது என்று நான் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தேன்.

இரண்டாவது பேச்சுதான் சிக்கலானது. 'நம்' பண்பாடு என்கிறபோது அந்த 'நம்' யார்? 

1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு நடந்தது. 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் அவர்களுக்கு அந்த உரிமை இல்லையென்றே தீர்ப்பாயிற்று. அதே 1908இல்தான் கோரல் மில் தொழிலாளி ஞாயிறு விடுமுறையைப் பெற்றான். 1939 ஜூலை 8இல் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தலித்துகள் ஐவரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். பட்டர்களில் ஒரு சாரார் பூசை செய்ய மறுத்தார்கள். சட்டம் பின்னால் வந்து நுழைந்தவர்களுக்குப் பாதுகாப்பளித்தது. அதாவது பொற்றாமரைக் குளத்தின் படிகள் 'நம்'முடையவை ஆகி இன்னும் ஒரு நூற்றாண்டு ஆகவில்லை.

மராட்டியத்தில் 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார். ஒரு கை நீர்தான். அதற்கே கலவரம் மூண்டது. பின்னர் குளத்தைத் தீட்டுக் கழித்தார்கள். குளத்தின் வரலாறு என்பது நம் நாட்டில் கட்டடக் கலையின் வரலாறு மட்டுமல்ல, யார் இறங்கலாம் என்பதன் வரலாறு. இதை விட்டுவிட்டுப் படிகளின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது விடுதி மட்டும் செய்கிற காரியமும் அல்ல. நம் கவிதைகளும் சினிமாவும் பாடப்புத்தகங்களும் அதைத்தான் செய்தன.

இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவின் கேள்விக்கு நான் சொன்ன பதில்: "யாரும் எறங்கலாம்மா. ரூம் எடுத்திருந்தாப் போதும்." பிறப்பு சாத்திய கதவை அங்கே பணம் திறக்கிறது. சாதியின் தெப்பக்குளத்தைவிட முதலாளியத்தின் தெப்பக்குளம் ஒரு விதத்தில் தாராளமானது. 'முதலாளியம் பண்பாட்டைச் சரக்காக்குகிறது' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிற நம் பழக்கத்திற்கு இது இடைஞ்சல். ஆனால் இதைக் கொண்டாடிவிடவும் முடியாது. 1939இல் திறந்த கதவு, போராடித் திறந்தது. அதில் நுழைய வாடகை இல்லை. திறந்த பிறகு எல்லோருக்கும் திறந்தது. காசு திறக்கிற கதவு காசு உள்ளவருக்கு மட்டும் திறந்து, அவர் பின்னாலேயே மூடிக்கொள்கிறது. அம்மா அங்கே வந்து ஒரு வேளை குளிக்க முடியாது. அவருடைய மகன், அதுவும் ஒருவர் அழைத்ததால், இரண்டு நாள் குளிக்கலாம்.

'கிளப்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அது இரண்டு இடங்களுக்குப் பெயராக இருந்தது. ஒன்று துரைமார் சீட்டாடும் இடம். இன்னொன்று 'காபி கிளப்'. வெள்ளைக்காரனின் கிளப்புக்குள் நாம் போக முடியாதென்று பொருமிய அதே காலத்தில், காபி கிளப்பில் பிராமணர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கிப் பலகை மாட்டியிருந்தோம். 'உள்ளூர் உபசரிப்பு' என்பதன் பழைய கணக்கு இது. சத்திரங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ராணி மங்கம்மாள் பெயரில் ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் இருக்கிற ஊர் மதுரை. தங்க இடமும் சோறும் தருவது இங்கே அறமாக இருந்தது உண்மை. அந்த அறம் பந்தியைப் பிரித்தே பரிமாறியது என்பதும் உண்மை.

4

பாவாவைப் பற்றி இன்னும் ஒன்று. தமிழ் வாசகர்கள் இதை யோசிக்காமல் கடந்து போக முடியாது. கோட்டேயில் ஏரி நடுவே எழுந்த இலங்கைப் பாராளுமன்றக் கட்டடமும் அவர் வடிவமைத்ததே. 1982இல் திறக்கப்பட்டது. பழைய கூரை வடிவங்களை நவீனத்தோடு இணைத்து ஒரு 'தேசிய' முகத்தைக் கல்லிலும் செம்பிலும் தந்தார் என்று கட்டட உலகம் பாராட்டியது. அடுத்த ஆண்டு ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் எரிக்கப்பட்டார்கள். ஆகஸ்டில் ஆறாவது திருத்தச் சட்டம் வந்தது. பிரிவினையை மறுத்துச் சத்தியம் செய்ய வேண்டுமென்றது. மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் அந்த அழகிய மண்டபத்தில் தங்கள் இருக்கைகளை இழந்தார்கள்.

இதற்குப் பாவா பொறுப்பல்ல. நான் சொல்ல வருவது வேறு. 'மண்ணின் மரபு' என்று ஒரு வடிவம் தேர்ந்தெடுக்கப்படும்போதெல்லாம், அந்த மண்ணில் இருக்கிற சிலர் அந்த வடிவத்திலிருந்து விடுபட்டுப் போகிறார்கள். கோட்டேயில் அது ஓர் இனம். கோச்சடையில் அது ஒரு வர்க்கம்; அதற்கு முன்னால் ஒரு சாதி. கட்டடத்தின் அழகு எந்த அளவுக்கு முழுமையாக இருக்கிறதோ அந்த அளவுக்கு விடுபட்டவர்களைப் பற்றிக் கேள்வி எழாமல் போகிறது.

இது விடுதிகளின் சுவருக்குள் மட்டும் நடக்கவில்லை. திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தின் தூண்களுக்கிடையில் பல பத்தாண்டுகளாகத் தையல் மெஷின்கள் ஓடின. பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து அழகர் வேஷம் கட்டுகிற உடை வரை அங்கே தைத்துத் தருவார்கள். அண்மை ஆண்டுகளில் அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பங்களைக் காப்பாற்ற வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் மண்டபம் 'பாரம்பரியம்' ஆன அன்றைக்குத் தையற்காரர் இடைஞ்சலாகிவிட்டார் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. கல்லை மட்டும் தனியே எடுத்து, துடைத்து, விளக்குப் போட்டுக் காட்டுவதில் நகராட்சிக்கும் நட்சத்திர விடுதிக்கும் பெரிய வித்தியாசமில்லை.

5

இரண்டாம் நாள் அதிகாலை, தோட்டத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்தப் பக்கம் என்று கேட்டேன். 

"ஹார்விபட்டிண்ணே. எங்க தாத்தா மில்லுல இருந்தாரு. அப்ப குடுத்த வீடு." 

ஹார்விபட்டி என்பது ஆலைத் தொழிலாளர்களுக்காகத் திருப்பரங்குன்றம் பக்கத்தில் ஆலைக்காரர்கள் கட்டிய குடியிருப்பு. இந்த இடம் முன்னால் அந்த மில்லுக்காரர்களின் கிளப்பாக இருந்தது தெரியுமா என்றேன். கூட்டுவதை நிறுத்தாமலேயே சொன்னார்: "தெரியும்ணே. தாத்தா சொல்லுவாரு. அவரு இங்கிட்டு வந்ததில்ல."

தாத்தா நூற்றார், அதிகாரிகள் இங்கே மாலையைக் கழித்தார்கள். பேத்தி கூட்டுகிறார், நான் தங்குகிறேன். இந்த நான்கு பேரையும் ஒரே வரலாற்றுக்குள் வைத்துப் பேசுகிற பிரதி நம்மிடம் இல்லை. விடுதியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை; அது வியாபாரம், அதற்குத் தேவையான கதையைத்தான் அது சொல்லும். கிளப்பின் பெயர், பாவாவின் பெயர் வரைக்கும் சொன்னால் போதும் அதற்கு. மற்றதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். சொன்னோமா? கோபுரத்தைப் பற்றியும் தமிழ்ச் சங்கத்தைப் பற்றியும் நாம் எழுதியதில் ஒரு பங்காவது ஆலைச் சங்கைப் பற்றி எழுதினோமா? இடதுசாரித் தோழர்கள் கூட வேலைநிறுத்தங்களின் தேதிகளை வைத்திருக்கிறார்களே தவிர, டாஃபர் பையனாகச் சேர்ந்து கிழவனாக வெளியே வந்த ஒருவரின் வாழ்க்கையை எழுதி வைத்திருப்பது அரிது. ரீலிங்கில் வேலை பார்த்த பெண்களைப் பற்றி அதுவும் கிடையாது.

எனவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மதுரையிலும் சுற்றியும் இருக்கிற வாசக நண்பர்கள் மணிநகரத்திலும் ஆரப்பாளையத்திலும் கரிமேட்டிலும் ஹார்விபட்டியிலும் எழுபது, எண்பது வயதைத் தாண்டிய ஆலைத் தொழிலாளிகளைப் போய்ப் பாருங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். எந்த ஷிப்ட், என்ன கூலி, யார் மேஸ்திரி, எந்தக் குழாயில் யார் தண்ணீர் பிடித்தார்கள், சாப்பாட்டுக் கொட்டகையில் யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஆலை சாதியை உடைத்ததா, உள்ளே கொண்டு வந்து அடுக்கி வைத்ததா என்பது அங்கேதான் தெரியும். காது மந்தமாக இருக்கும். உரக்கக் கேளுங்கள்.

என் அப்பாவிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் இல்லை.