கூடு விட்டுக் கூடு பாய்ந்த கோல்ட்ஃப்யூஷன்

1690களில் டச்சு வணிகர்கள் மலபார்க் கரையிலிருந்து காப்பிக் கன்றுகளை ஜாவா தீவுக்குக் கப்பலேற்றினார்கள். நாளடைவில் அமெரிக்கர் வாயில் தீவின் பெயரே காப்பிக்கும் பெயராயிற்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் காஸ்லிங் படைத்த நிரல்மொழிக்கு முதலில் ஓக் என்று பெயர். அலுவலகத்துக்கு வெளியே நின்ற மரத்தின் நினைவு. அந்தப் பெயரை வேறொரு நிறுவனம் முன்பே பதிந்திருந்ததால், மாற்றுப் பெயர் தேடியவர்கள் காப்பியில் வந்து நின்றார்கள். 1995இல் ஜாவா வெளியானது.

அதே ஆண்டு ஜே.ஜே. அல்லேர், ஜெரமி அல்லேர் சகோதரர்கள் மினசோட்டாவில் கோல்ட்ஃப்யூஷன் என்ற வலைத்தளம் கட்டும் மென்பொருளை விற்கத் தொடங்கினார்கள். எச்டிஎம்எல் எழுதத் தெரிந்தவர், அதே பாணியில் ‘சிஎஃப்குவெரி’ என்றொரு குறிச்சொல்லைச் சேர்த்தால் போதும். தரவுத்தளம் பக்கத்துக்கு வந்துவிடும். உள்ளே ஓடியது சி++.

1999இல் அல்லேர் நிறுவனம், ஜேரன் என்ற ஜாவா சர்வரை உருவாக்கிய லைவ் சாஃப்ட்வேரை வாங்கியது. 2001இல் அல்லேரையே மேக்ரோமீடியா வாங்கியது. மறு ஆண்டு, நியோ என்ற ரகசியப் பெயரில் வளர்ந்த கோல்ட்ஃப்யூஷன் எம்எக்ஸ் வந்தது. குறிச்சொற்கள் பழையவை, உள்ளே இருந்தது முழுக்க ஜாவா.

வெப் டெவலப்பர்களுக்கு அப்போது வீடு மாறும் வேலை. பழைய பதிப்பில், பல கோரிக்கைகள் ஒரே நேரத்தில் தொடக்கூடிய செஷன் மாறிகளை ‘சிஎஃப்லாக்’ போட்டுப் பூட்டாவிட்டால் நினைவகம் குழம்பி சர்வரே விழக்கூடும். அந்தப் பயத்தில் பக்கத்துக்குப் பக்கம் பூட்டு. ஜாவாவில் அந்த ஆபத்து தீர்ந்தது. ஆனால் வேறு சிக்கல்கள் முளைத்தன. முன்பு மாறியின் பெயர் நடுவே வைத்த புள்ளி வெறும் எழுத்து. இப்போது புள்ளிக்கு முன்னால் இருப்பது தானாகவே ஒரு தொகுப்பாகிவிடும். மாற்றிய பக்கத்தை முதலில் திறப்பவர் அது ஜாவாவாகக் கம்பைல் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். பழைய நிரலைச் சோதித்து இடறும் வரிகளைச் சுட்டும் கருவியையும் மேக்ரோமீடியா கூடவே தந்தது. எனக்கு அதுதான் பெரிய மரியாதையாகப் படுகிறது: ஆண்டுக்கணக்கில் பிறர் எழுதிய பக்கங்களை யாரும் குப்பையில் போடச் சொல்லவில்லை.

பிறகு அதே குறிச்சொற்களைப் படிக்கும் மாற்று இயந்திரங்கள் வந்தன. நியூ அட்லான்டா நிறுவனத்தின் புளூடிராகனில் மைஸ்பேஸ் சமூக வலைத்தளம் ஓடியது. சுவிட்சர்லாந்தில் ரைலோ பிறந்தது. 2015இல் அதிலிருந்து லூசி பிரிந்தது. அசலோ 2005இல் மேக்ரோமீடியாவோடு அடோபியிடம் போனது.

வரிசையின் முதல் பொருளை ஜாவா 0 என்று எண்ணும், கோல்ட்ஃப்யூஷன் 1 என்று எண்ணும். கூடு மாறி இருபது ஆண்டுகள் தாண்டியும் அது 1இலிருந்தே எண்ணுகிறது.