தொலை மேசைத்தள அணுக்கம்

தொலை மேசைத்தள அணுக்கம் என்பது ஓரிடத்தில் உள்ள கணினியின் திரையை வேறோர் இடத்தில் உள்ள கணினியில் வலையமைப்பு வழியாகப் பெற்று, அங்கிருந்தே அதனை இயக்கும் முறை ஆகும். வெளியூரில் இருப்பவர் தமது மடிக்கணினியிலிருந்து வீட்டுக் கணினியின் கோப்புகளையும் மென்பொருள்களையும் பயன்படுத்த இது உதவுகிறது. இணைப்புக் கிடைக்காதபோது கணினி, வீட்டு வலையமைப்பு, இணையச் சேவை வழங்குநர் என்ற வரிசையில், உள்ளிருந்து வெளியே சோதித்துச் செல்வதே காரணத்தைக் கண்டறியும் எளிய வழியாகும்.

வரலாறு

பின்லாந்தில் 1995 ஆம் ஆண்டு தாத்து இலோனன் உருவாக்கிய எஸ்எஸ்எச் நெறிமுறை, தொலைவில் உள்ள கணினிக்குக் கட்டளைகளை மறையாக்கம் செய்து அனுப்ப வழிசெய்தது. திரையையே அனுப்பும் விஎன்சி 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஒலிவெட்டி ஆய்வுகூடத்தில் உருவானது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆர்டிபி நெறிமுறை, 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி புரொபஷனல் பதிப்பின் மூலம் மேசைக் கணினிகளுக்கு வந்தது. இந்தியாவில் பிஎஸ்என்எல் 2005 இல் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கிய பின்னர், வீட்டுக் கணினியை நாள் முழுதும் இணையத்தில் வைத்திருப்பது பலருக்கும் இயல்வதாயிற்று.

ஏற்காடு: ஓர் எடுத்துக்காட்டு

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. சேலத்திலிருந்து செல்லும் முதன்மைச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்காட்டில் உள்ள வீட்டுக் கணினியைச் சேலத்தில் உள்ள மடிக்கணினியிலிருந்து இயக்குபவர், ஒரு பொத்தானை அழுத்துவதற்காக அவ்வளைவுகள் அனைத்தையும் ஏறவேண்டி வரலாம். எனவே, பழுதுக்கான காரணத்தை இருந்த இடத்திலிருந்தே அறிவது இத்தகைய ஊர்களில் இன்றியமையாததாகிறது.

பிழைச் செய்தியின் பொருள்

இணைப்பு தோல்வியுறும் விதமே பழுது எங்குள்ளது என்பதைப் பெரும்பாலும் காட்டிவிடும்.

- நெடுநேரம் காத்திருந்தும் மறுமொழி இல்லையெனில், கோரிக்கை கணினியை அடையவில்லை; அல்லது ஒரு தீச்சுவர் அதனைத் தடுத்துள்ளது.
- இணைப்பு உடனடியாக மறுக்கப்பட்டால், கோரிக்கை ஏதோ ஒரு கருவியை அடைந்துள்ளது; ஆனால் அங்கு உரிய சேவை இயங்கவில்லை.
- கடவுச்சொல் கேட்கப்பட்டுப் பின்னர் மறுக்கப்பட்டால், வலையமைப்பில் பழுதில்லை. பயனர் கணக்கையே சரிபார்க்க வேண்டும்.

கணினியில் சோதிக்க வேண்டியவை

மிகவும் பொதுவான காரணம், கணினி உறக்க நிலைக்குச் சென்றிருப்பதாகும். மின் அமைப்புகளில் தானியங்கு உறக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும். மின்தடைக்குப் பின் மின்சாரம் வந்ததும் கணினி தானாகத் தொடங்கும் வசதி, பெரும்பாலான மேசைக் கணினிகளின் பயாஸ் அமைப்பில் உள்ளது. இடி மின்னலுடன் மழை பெய்யும் மலைப்பகுதிகளில் மோடத்திற்கும் கணினிக்கும் யுபிஎஸ் பொருத்துவது பயன் தரும்.

விண்டோஸின் ஹோம் பதிப்பு ஆர்டிபி வழியாகப் பிற கணினிகளை அணுக வல்லது. ஆனால் தன்னை அணுக இடம் தராது. அதற்குப் புரோ பதிப்பு வேண்டும். கடவுச்சொல் இல்லாத கணக்கில் தொலைவிலிருந்து நுழைவதை விண்டோஸ் இயல்பாகவே தடுக்கிறது. கணினியின் முன் அமர்ந்து நுழையப் பயன்படும் பின் எண் அக்கணினிக்கு மட்டும் உரியது என்பதால், தொலைவிலிருந்து நுழையக் கணக்கின் முழுக் கடவுச்சொல்லே தேவைப்படும்.

வீட்டு வலையமைப்பில் சோதிக்க வேண்டியவை

முதலில் மடிக்கணினியை அதே வீட்டு வலையமைப்பில் இணைத்து, வீட்டுக் கணினியின் உள் முகவரியைக் கொண்டு முயல வேண்டும். இணைப்புக் கிடைத்தால் கணினியில் குறையில்லை. கிடைக்காவிடில் கணினியின் தீச்சுவரையும் தொலை மேசைத்தளச் சேவையையும் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து நேரடியாக வரும் கோரிக்கையை, ரவுட்டர் எனப்படும் திசைவி உரிய கணினிக்குத் திருப்பிவிட வேண்டும். இதற்குத் துறை முன்னனுப்பல் என்று பெயர். ஆர்டிபி 3389 ஆம் துறை எண்ணையும், விஎன்சி 5900 ஐயும், எஸ்எஸ்எச் 22 ஐயும் இயல்பாகப் பயன்படுத்துகின்றன. திசைவி மறுதொடக்கம் ஆகும்போது கணினிக்கு வேறு உள் முகவரி கிடைத்தால் முன்னனுப்பல் பயனற்றுப் போகும். ஆகவே அம்முகவரியை அக்கணினிக்கென நிலையாக ஒதுக்கிவைப்பது நல்லது. வழங்குநர் தந்த கருவிக்குப் பின்னால் மற்றொரு திசைவியும் இருந்தால் இரண்டிலும் முன்னனுப்பலை அமைக்க வேண்டும்.

வீட்டுக்குள் இருந்தபடி வெளி முகவரியைக் கொண்டு சோதிப்பது தவறான முடிவைத் தரக்கூடும். அக்கோரிக்கை திசைவி வரை சென்று உள்ளேயே திரும்ப வேண்டும். கொண்டை ஊசித் திருப்பம் என்றே பெயர் பெற்ற இவ்வசதி எல்லாத் திசைவிகளிலும் இல்லை. கைப்பேசியின் தரவு இணைப்பில் மடிக்கணினியை இணைத்துச் சோதிப்பதே சரியான முறை.

சேவை வழங்குநரின் வலையமைப்பு

வீட்டில் அனைத்தும் சரியாக இருந்தும் வெளியிலிருந்து இணைப்புக் கிடைக்காததற்கு, இணைய முகவரிகளின் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணமாகும். ஆசிய பசிபிக் பகுதிக்கான ஐபி பதிப்பு 4 முகவரிகளின் பொது இருப்பு 2011 ஏப்ரலில் தீர்ந்தது. அதன் பின்னர், பல வழங்குநர்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றனர். இதற்கென 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள் 2012 இல் ஒதுக்கப்பட்டன.

திசைவியின் நிலைப் பக்கத்தில் காணும் வெளி முகவரியும், முகவரியைக் காட்டும் இணையத்தளம் ஒன்றில் தெரியும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். அவை வேறுபட்டு, திசைவியில் மேற்கண்ட வரம்பில் உள்ள முகவரி இருப்பின், வீட்டில் எத்துறையைத் திறந்தும் பயனில்லை. வழங்குநரிடம் கட்டணம் செலுத்தி நிலையான பொது முகவரி பெறுதல், இரு முனைகளிலும் இருந்தால் ஐபி பதிப்பு 6 ஐப் பயன்படுத்துதல், வீட்டுக் கணினியே வெளியே உள்ள இடைநிலை வழங்கியுடன் இணைந்து காத்திருக்கும் மென்பொருளை நிறுவுதல் ஆகியன மாற்று வழிகள். குரோம் ரிமோட் டெஸ்க்டாப், டீம்வியூவர் போன்றவை மூன்றாம் வகையின.

பாதுகாப்பு

இணைப்புக் கிடைக்கவேண்டும் என்ற அவசரத்தில் 3389 ஆம் துறையை உலகுக்கே திறந்துவிடுவது ஆபத்தானது. திறந்த துறைகளைத் தேடும் தானியங்கு நிரல்கள் இணையத்தில் இடைவிடாது இயங்குகின்றன. தார்மா போன்ற பணயத் தீநிரல்கள் இவ்வழியாகப் பரவியுள்ளன. கடவுச்சொல் இல்லாமலே பழைய விண்டோஸ் பதிப்புகளில் நுழைய இடம் தந்த புளூகீப் என்னும் குறைபாடு 2019 மே மாதம் வெளிப்பட்டது. துறை எண்ணை மாற்றுவது மட்டும் போதிய பாதுகாப்பு ஆகாது. வயர்கார்டு போன்ற மெய்நிகர் தனியார் வலையமைப்பை அமைத்து, அதன் வழியே மட்டும் நுழைவது பாதுகாப்பானது.

வேறொருவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டதற்காக இத்தகைய மென்பொருளை நிறுவுதல் கூடாது. எனிடெஸ்க் செயலியை நிறுவச் செய்து வங்கிப் பணத்தைத் திருடும் மோசடி குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் எச்சரித்தது.

தொலைவிலிருந்து பணிபுரியும்போது

வேலை முடிந்ததும் இணைப்பை மட்டும் துண்டிக்க வேண்டும். பழக்கத்தில் கணினியை அணைத்துவிட்டால், பொதுவாக நேரில் சென்றே மீண்டும் இயக்க நேரிடும். தீச்சுவர் விதிகளையோ வலையமைப்பு அட்டையின் அமைப்புகளையோ தொலைவிலிருந்து மாற்றுபவர் தமது இணைப்பையே துண்டித்துக்கொள்ளக்கூடும். அத்தகைய மாற்றங்களை வீட்டில் இருக்கும்போதே செய்து, கைப்பேசித் தரவு வழியாக ஒருமுறை சோதித்த பின்னரே ஊரைவிட்டுப் புறப்படுவது நல்லது.