தேனீப் பெட்டி வந்த கதை

எங்கள் எப்போதும்வென்றான் பக்கம் வேலிக்கருவை பூத்தால் கொம்புத்தேன் கூடு கண்ணில் படும். கிளையில் தொங்கும் ஒற்றை அடை. இந்தத் தேனீ பெட்டிக்குள் தங்காது. பெட்டியில் வளர்வது மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் பல அடைகளை அடுக்கிக் கட்டும் இந்தியத் தேனீ. ஒரு பெட்டி வாங்கலாம் என்ற ஆசையில் அதன் வரலாற்றைத் தேடினேன்.

முன்பெல்லாம் தேன் எடுப்பது என்றால் புகை போட்டு, அடையை அறுத்துப் பிழிவதுதான். புழுக்களும் சேர்ந்து நசுங்கும், கூடும் அழியும். 1851-ல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத், கழற்றி மாட்டும் சட்டங்கள் கொண்ட பெட்டியை உருவாக்கினார். அடையை உடைக்காமல் தேன் எடுக்க வழி பிறந்தது. ஆனால் அந்தப் பெட்டி நம் ஊர்ச் சிறு தேனீக்கு மிகப் பெரிது. 1910-களில் நியூட்டன் பாதிரியார் நம் தேனீயின் அளவுக்கு ஒரு சிறு பெட்டியை வடிவமைத்து, தென்னிந்தியாவில் பலருக்குப் பயிற்சியும் கொடுத்தார். இன்றும் அதன் பெயர் நியூட்டன் பெட்டிதான்.

1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணியைத் தொடங்கினார். அதன் வழியாகத் தேனீ வளர்ப்பு ஏழை வீடுகளின் துணைத் தொழிலானது. ரப்பர் தளிர் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பு நீர் அங்கே தேனாகப் பெருகியது.

1991-92-ல் வந்தது இடி. தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய். புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிறைந்த பை போலாகிச் செத்தன. தென்னிந்தியாவில் பெரும்பாலான பெட்டிகள் காலியாயின. அந்த வருமானத்தை நம்பியிருந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்! சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். நம் தேனீயோ, நோய்க்குத் தப்பிய கூட்டங்களிலிருந்து மெல்ல மெல்ல மறுபடி பெருகியது.

இதில் எனக்குக் கிடைத்த பாடம் ஒன்று. கழற்றும் சட்டம் கூட்டை அழிவிலிருந்து காப்பாற்றியது உண்மை. அதே சட்டத்தை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் நோயும் கூடவே போகும். ஆனால் நம் தேனீக்குச் சொந்தமாகவே சில தற்காப்புகள் உண்டு. நோயுற்ற புழுவைத் தானே வெளியே இழுத்துப் போடும். நிலைமை மோசமானால் கூட்டையே விட்டுப் பறந்துவிடும். புது இடத்தில் முட்டையிட்டுப் புழு வரும்வரை வைரஸுக்கும் இரை கிடைக்காது. நாம் 'ஓடிப்போச்சே' என்று திட்டுவதுதான் அதற்கு வைத்தியம்!

இயற்கை முறைத் தேனீ வளர்ப்பு என்று இப்போது சொல்வதும் இதைத்தான். நிழலில் வை, தண்ணீர் வை, தேவையில்லாமல் திறக்காதே, பூவில்லாத கோடைக்கு அதன் தேனை அதற்கே விட்டு வை. பி.காம். பாஷையில் சொன்னால், லாபத்தை எடு, முதலில் கை வைக்காதே.

பெட்டி வாங்கத்தான் போகிறேன். திறந்து பார்க்கத் துடிக்கும் கையை அடக்குவதுதான் முதல் பயிற்சி!