கற்றோர் கடன்: கல்முனைக் கரையில் முளைத்த ஒரு கல்விப் பணி

கல்வி ஒருவனை உயர்த்தும் என்பது யாவரும் அறிந்ததே. உயர்ந்தவன் அதன்பின் யாது செய்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு அச்சமூகம் அளிக்கும் விடையிலேயே அதன் எதிர்காலம் தங்கியுள்ளது. கற்றவன் பதவி பெற்று, அதனோடு அமைந்துவிடுவானாயின், அவன் பெற்ற கல்வி ஒரு குடும்பத்தின் செல்வமாய் முடியும். பின்வருவோரையும் கைதூக்கி விடுவானாயின் அஃது ஊரின் செல்வமாகும். இவ்விரண்டாம் நெறியைத் தனியே கைக்கொண்டோர் பலர். சங்கமாய்க் கூடிக் கைக்கொண்டோர் சிலரே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் பயின்ற ஆபிரிக்க அமெரிக்க மாணவர் எழுவர் 1906 ஆம் ஆண்டில் ‘அல்பா பை அல்பா’ என்னும் சகோதர சங்கத்தை நிறுவினர். நிறவேற்றுமையால் ஒதுக்கப்பட்ட மாணவர் ஒருவர்க்கொருவர் துணையாய் நிற்பதே அதன் முதல் நோக்கம். ஆயினும் பட்டம் பெற்று வெளியேறிய பின்னரும் உறுப்பினர் அதனை விட்டு நீங்கினாரல்லர். பட்டதாரிகள் தத்தம் நகரங்களிற் கிளைகள் அமைத்தனர். உயர்பாடசாலைக்கும் கல்லூரிக்கும் செல்லுமாறு தம் இனத்துச் சிறுவரை ஊக்கும் இயக்கமொன்றை 1920களில் நாடெங்கும் நடத்தினர். பாடசாலைகளில் இனவேற்றுமை கூடாதென 1954 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத் தீர்ப்புப் பெற்றுத்தந்த வழக்கறிஞர் தர்குட் மார்ஷலும், அறப்போர் நடத்திய மாட்டின் லூதர் கிங்கும் இச்சங்கத்தின் உறுப்பினரே.

இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க முயற்சியொன்று இலங்கையின் கீழைக்கரையிலும் 1942 ஆம் ஆண்டில் தோன்றிற்று. இன்று அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்த இக்கரையோரம் 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாய் இருந்தது. வடக்கே மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே பொத்துவில் வரை முஸ்லிம் ஊர்கள் தொடர்கின்றன. இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் முதலிய தமிழ் ஊர்கள் அமைந்துள்ளன. இரு சாரார்க்கும் மொழி தமிழ். முதற்றொழில் நெல் வேளாண்மை. தாய்வழிக் குடிமுறையும் பொதுவானதே. வயல் உண்டு, உழைப்பும் உண்டு. ஆயின் உயர்கல்வியோ அருகியே காணப்பட்டது. ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறித்தவ மிஷனார் கையில் இருந்தமையால், மதம் மாறிவிடுமோ என அஞ்சிப் பிள்ளைகளை அனுப்பாது விட்ட முஸ்லிம் பெற்றோர் பலர்.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. பர்மா பகைவர் கைப்பட்டதனால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. உணவு உற்பத்தியைப் பெருக்குதல் அரசாங்கத்தின் தலையாய கடமையாயிற்று. இதன்பொருட்டுக் கல்முனைக்கு அவசரகால உதவி அரசாங்க அதிபர் ஒருவர் அனுப்பப்பட்டார். அவரே ஏ. எம். ஏ. அஸீஸ்.

அஸீஸ் 1911 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்தவர். வைத்தீசுவர வித்தியாலயத்திலும், பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்று லண்டன் பட்டம் பெற்றார். 1935 இல் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான அன்னார், அச்சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம் ஆவார்.

அவருக்கு இடப்பட்ட கட்டளை நெல்லைப் பற்றியது, கல்வியைப் பற்றியதன்று. உத்தியோக கடமையோடு நின்றிருப்பினும் எவரும் குறைகூறியிரார். ஆயின் வயல்வெளிகளிலே மக்களோடு பழகிய அவர், அவ்வூர்களின் வறுமை நெற்பஞ்சத்தினால் மட்டும் வந்ததன்று எனக் கண்டார். காடு வெட்டித் திருத்திய நிலம் ஒரு போகத்திலே பயன் தரும். ஒரு பிள்ளையைப் பட்டதாரியாக்கவோ பதினைந்து ஆண்டுகள் வேண்டும். அத்துணைக் காலம் தாங்கி நிற்றற்குத் தனிமனிதர் ஈகை போதாது. எனவே அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் நிறுவப்பட்டது. திறமையிருந்தும் வசதியற்ற மாணவர் மேலே கற்பதற்கு உதவுவதே அதன் நோக்கமாகும்.

இவ்வெண்ணம் உருப்பெற்ற சூழலில் மற்றொரு பெரியாரின் தொடர்பையும் மறத்தலாகாது. சாய்ந்தமருதுக்கு அடுத்துள்ள காரைதீவு, விபுலானந்த அடிகளார் 1892 இல் பிறந்த ஊர். அடிகளார் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்த்தவர். கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தவர். அஸீஸ் இளமையிற் கற்ற வைத்தீசுவர வித்தியாலயமும் அம்மிஷனைச் சார்ந்ததே. கல்முனையில் இருந்த காலத்தில் அஸீஸ் அடிகளாரோடு நெருங்கிப் பழகினார். துறவி ஒருவர் தம் மக்களின் கல்விக்கென வாழ்ந்த வாழ்வு, உத்தியோகத்தர் ஒருவரின் கண்முன்னே சான்றாய் நின்றது.

கல்முனையில் இட்ட வித்து நாடளாவிய மரமாயிற்று. 1945 ஆம் ஆண்டில் அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கினார். பணமின்மையால் எந்த மாணவனும் உயர்கல்வியை இழத்தலாகாது என்பதே அதன் கொள்கை. அவ்வாண்டிலேதான் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் நீங்கிய பின்னர் நிதி எதற்கு என வினவலாம். கீழைக்கரையின் விவசாயி மகன் கொழும்பிலே கற்பதாயின் விடுதிச் செலவும், நூலும், உடையும், பயணச் செலவும் அவன் தலைமேல் நின்றன. அவன் உழைப்பை இழக்கும் வயலின் நட்டத்தையும் கணக்கிடுதல் வேண்டும். சட்டம் பாடசாலைக் கதவைத் திறந்தது. கதவு வரை நடத்திச் செல்வதற்கு மனிதரே வேண்டியிருந்தனர்.

1948 இல் அஸீஸ் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். பலரும் பெறுதற்கு ஏங்கிய பதவியை ஒரு பாடசாலையின் பொருட்டு விடுத்தமை அக்காலத்தில் வியப்புக்குரியதாயிருந்தது. 1950 இல் ஊர்தோறும் இருந்த வாலிபர் சங்கங்களை ஒருங்கிணைத்து அகில இலங்கை வை. எம். எம். ஏ. பேரவையை அமைத்தார். நிதி பொருளால் உதவிற்று; பேரவை இளைஞரைத் தொண்டிலே பழக்கிற்று. உதவி பெறுவோன் நாளை உதவுவோனாகவும் ஆதல் வேண்டும் என்னும் முறை இவ்விரண்டினாலும் நிறைவெய்தியது.

தம் சமூகத்துக்கெனச் சங்கம் அமைத்தல் குறுகிய நோக்கன்றோ என்னும் வினா அன்றும் எழத்தக்கது, இன்றும் எழத்தக்கது. பின்தங்கியவர் தம்மவரைத் தாமே உயர்த்த முற்படுதல் பிறரைப் பகைத்தலாகாது. முஸ்லிம் சிறுவர் ஒருவர் இந்துக் கல்லூரியிற் கற்றார். அவர் அதிபராயிருந்த ஸாஹிறாவிலே, பின்னாளிற் பேராசிரியராய் விளங்கிய கார்த்திகேசு சிவத்தம்பி கற்றார், ஆசிரியராயும் பணிபுரிந்தார். இவ்வாறு ஒரு சாராரிடம் பெற்றது மறு சாராருக்குத் திரும்பி வந்தது. தன் வீட்டில் விளக்கேற்றுவோன் அயல்வீட்டின் ஒளியை அவிப்பதில்லை.

அஸீஸ் 1973 இல் மறைந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980 இல் அன்னாருக்கு இலக்கிய கலாநிதிப் பட்டத்தை மறைவின் பின் வழங்கியது. அதன்பின் பத்தாண்டுகளில் நிகழ்ந்தவை துயரமானவை. கீழைக்கரையில் அடுத்தடுத்து வாழ்ந்த இரு சாராரும் போர்க்காலத்திலே ஒருவரையொருவர் அஞ்சினர். உயிரும் உடைமையும் இழந்தனர். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அஸீஸ் பிறந்த சோனகர் தெருவும் ஆளற்றுப் போயிற்று. எத்தனை கல்லூரிகள் இருந்தும் அவ்வேளையில் அயலவனைக் காக்க இயலாமற் போயிற்று என்பதை வரலாறு மறைக்காது.

அக்கரையிலேயே இன்று ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாய்த் தோன்றி, மறு ஆண்டிற் பல்கலைக்கழகமாய் உயர்ந்தது. வயலிலிருந்து பட்டத்துக்குச் செல்லும் வழி குறுகிவிட்டது. ஆயினும் கற்றோர் கடன் குறையவில்லை. முன்னர் அஃது ஏழை மாணவனைக் கல்லூரிக்கு அழைத்துச் செல்வதாயிருந்தது. இனி, கல்லூரி சென்றவனை அயலூரானோடு மீண்டும் அமர்த்துவதும் அக்கடனிற் சேரும். காரைதீவுத் துறவியும் வண்ணார்பண்ணை உத்தியோகத்தரும் 1942 இல் ஒருங்கிருந்து பேசிய அக்கரையிலே இது நிகழாதெனக் கூறுதற்கு வரலாற்றில் இடமில்லை.